நான்கு அரிசி மூட்டையும் ஒரு தலைக்கவசமும்

அவர் அமைத்துக் கொடுத்த கார் ஓடிய ஒரு பந்தயத்தைக்கூட அவர் கண்ணால் பார்த்ததில்லை. ஆறு கோடைகாலம் அவருடன் போய்வந்திருக்கிறேன். என் குறிப்புப் புத்தகங்களை எண்ணிப் பார்த்தால் எழுபத்தொன்பது சனிக்கிழமைகள். ஒவ்வொரு சனிக்கிழமையும் பச்சைக் கொடி அசைவதற்கு முன்பே தன் வெள்ளை வான் வண்டிக்குள் ஏறிவிடுவார். வான் ஓடுபாதைக்கு முதுகைக் காட்டி நிற்கும். இயந்திரம் அணைந்திருக்கும், சாவி அவருடைய சட்டைப் பையில் இருக்கும். ஆனாலும் ஆசனப் பட்டியை இழுத்துப் பூட்டிக்கொண்டு, இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்தபடி, எதிரே இருக்கும் சோளக் காணியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பந்தயத் திடல் ரொறன்ரோவுக்கு வடக்கே ஒன்றரை மணித்தியால ஓட்டத்தில் இருக்கிறது. நான்கு வளைவோடு முட்டை வடிவில் ஒரு தார்ப்பாதை, அதைச் சுற்றிக் கொங்கிறீற் சுவர். பழைய சின்னக் கார்களின் உள்ளே இருப்பதையெல்லாம் கழற்றிவிட்டு, இரும்புக் குழாய்களால் ஒரு கூடு செய்து வைத்து, இருபது பேர் ஒன்றாக ஓடுவார்கள். இடப்பக்கம் மட்டுமே திரும்புவார்கள். அந்த இருபது பேரில் ஒருவன் என் தம்பி தயாளன். வீடுகளில் குளிரூட்டி, வெப்பமூட்டி திருத்துவது அவன் வேலை. கலியாணம் கட்டவில்லை. காரைத்தான் கட்டியிருக்கிறான் என்று சொந்தக்காரர் சொல்வார்கள்.

சொந்தமில்லாவிட்டாலும் நாங்கள் அண்ணை என்று கூப்பிடும் அவருக்கு ஸ்காபரோவில், வெக்ஸ்போர்ட் பகுதியில், லோரன்ஸ் வீதிக்குப் பின்னால், கார் திருத்தும் கராஜ் ஒன்று இருந்தது. தம்பி தன் காரை அங்கே வைத்திருந்தான். தம்பியின் கையெழுத்து அவனுக்கே விளங்காது என்பதால் அளவுகளை எழுத என்னைக் கூப்பிட்டார்கள். நான் இரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வேலை செய்கிறேன். குழாய்களில் பெயர், பிறந்த திகதி, எடுத்த நேரம் ஒட்டிப் பதிவது என் பொறுப்பு. எழுத்து வேலை எனக்குப் பழக்கம். ஆனால் நான் போனதற்கு அது காரணமில்லை. அந்தக் காரில் என் தம்பியைக் கொல்லக்கூடியவை எவையெவை என்று ஒன்றொன்றாகத் தெரிந்துகொண்டால் பயம் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை. பயத்துக்கு ஒரு பட்டியல் கிடைத்தது, அவ்வளவுதான்.

அவருடைய கணினி பழையது. விசைகளில் எண்கள் தேய்ந்து போயிருந்தன. திறந்தால் மேலிருந்து பார்த்த மாதிரி ஒரு காரின் படம் வரும், நான்கு மூலையிலும் நான்கு சதுரம். ஒவ்வொரு சக்கரமும் சுமக்கும் பாரம், வில்லின் விறைப்பு, ரயரின் சுற்றளவு, காற்றழுத்தம் எல்லாவற்றையும் கொடுத்தால், வளைவில் எந்த மூலை எவ்வளவு சுமக்கும் என்று அந்த மென்பொருள் சொல்லிவிடும். பச்சைச் சதுரம் என்றால் சரி. மஞ்சள் என்றால் கவனம். சிவப்பு என்றால் அந்தச் சக்கரம் தாங்காது. கார் ஓடி வந்ததும் ரயர்களின் சூட்டை அளந்து கொடுத்தால், நினைத்தபடி ஓடியதா என்று மறுபடி நிறம் காட்டும்.

நான் எண்ணை வாசிப்பேன். அவர் திருப்பிச் சொல்வார். நான் சரி என்பேன். அதற்குப் பிறகும் அவருடைய விரல் விசைக்கு மேலே நின்றுகொண்டிருக்கும்.

"தங்கச்சி, அளந்ததோ, நினைச்சதோ?"

முதல் நாள் எனக்குக் கோபம் வந்தது. அளந்ததுதான் என்றேன். அப்படியென்றால் எதால், எப்போது, யார் என்று கேட்டார். அதையும் எழுதச் சொன்னார். அன்றிலிருந்து என் புத்தகத்தில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அளந்த கருவியும் நேரமும் இருக்கும். ஒரு மாதத்தில் அந்தக் கேள்வி என் வீட்டுக்கும் வந்துவிட்டது. அடுப்பில் சோற்றுக்குத் தண்ணீர் வைக்கும்போதுகூடக் காதில் கேட்டது.

அவர் பயந்தவர். இதைக் குறையாகச் சொல்லவில்லை, ஒருவருடைய உயரத்தைச் சொல்வது போலச் சொல்கிறேன். 401 நெடுஞ்சாலையில் ஏறமாட்டார். திடலுக்கு உள்வீதிகளால்தான் போவார், அதற்காக எங்களுக்கு ஒரு மணித்தியாலம் முந்தி வெளிக்கிடுவார். அவர் குடியிருந்த அடுக்குமாடியின் லிஃப்றில் எத்தனை இறாத்தல் தாங்கும் என்று ஒரு தகடு அடித்திருந்தது. ஆட்கள் ஏறும்போது வாய்க்குள் கூட்டிக்கொண்டு நிற்பார். ஒருமுறை ஒரு குடும்பம் கலியாண வீட்டுக்கு உடுத்தி வெளிக்கிட்டு மொத்தமாக ஏற, இவர் "நீங்கள் போங்கோ" என்று இறங்கி ஒன்பது மாடியும் படியால் வந்தார். அந்த வீட்டு அன்ரி அதற்குப் பிறகு அவருடன் கதைக்கவில்லை. கணக்கில் தன்னைத்தான் அதிகமாகப் போட்டார் என்பது அவவுக்கு விளங்கிவிட்டது.

ஏன் இப்படிப் பயந்தார் என்று எனக்குத் தெரியாது. சனம் பல கதை சொன்னது. முன்னர் அவர் அமைத்த வேறொரு கார் பற்றி ஒரு கதை, ஊரில் நடந்த ஒரு விஷயம் பற்றி இன்னொரு கதை. அவர் என்னிடம் ஒன்றும் சொன்னதில்லை. அவர் சொல்லாததை நான் எழுதினால் அது நினைத்ததாகிவிடும். ஆகவே விடுகிறேன்.

இதை மட்டும் எழுதலாம், நான் அங்கே நின்றேன். என் கணவர் மாரடைப்பில் இறந்த வாரம், வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். அவருக்கு நோவு தெரிந்திருக்காதாம். நித்திரையிலே போன மாதிரியாம். சொன்னவர்களில் ஒருவரும் அந்த அறையில் இருக்கவில்லை. இவர் வந்தார், சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக வைத்தார், என் முன்னால் கதிரையில் இருந்தார். பிறகு எத்தனை மணிக்கு என்று கேட்டார். காலை ஆறு நாற்பத்திரண்டு என்றேன். தலையை ஆட்டினார். அந்த ஒரு வாரத்தில் நான் சொன்னதை யாரோ வாங்கி வைத்துக்கொண்டது போல இருந்தது அப்போது மட்டும்தான்.

இனி அரிசி மூட்டை.

காரின் நான்கு சக்கரங்களுக்குக் கீழும் நான்கு தராசுத் தட்டுகளை வைத்து நிறுக்கும்போது ஓட்டுபவர் உள்ளே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இடப்பக்கப் பாரம் பிழையாகக் காட்டும். நாங்கள் நிறுப்பது வியாழக்கிழமை பின்னேரம். தம்பிக்கு அந்த நேரம் வேலை. ஆகவே அவர் தமிழ்க் கடையில் நாற்பது இறாத்தல் அரிசி மூட்டை நான்கு வாங்கினார். பத்து இறாத்தல் இடியப்ப மா ஒன்று. இரண்டு இறாத்தல் பருப்புப் பை ஒன்று. மொத்தம் நூற்று எழுபத்திரண்டு. அது என் தம்பி.

பையில் அச்சடித்திருந்ததை அவர் நம்பவில்லை. ஒவ்வொன்றையும் தனித்தனியாக நிறுத்து, கூடினதைக் கரண்டியால் அள்ளி எடுத்து, கறுப்பு மையால் இலக்கமிட்டார். இரண்டு மூட்டை இருக்கையில், இரண்டு சாய்வில், மா நெஞ்சுப் பக்கம், பருப்பு மடியில். தம்பிக்குப் போடும் அதே ஐந்து பட்டிகளை அவற்றுக்கும் போட்டு இறுக்குவார். கடைசியாகத் தலைக்கவசத்தை மேலே வைப்பார், அதற்கும் பாரம் உண்டு என்பதால்.

அவர் கணினியைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் அந்த இருக்கையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். தலைக்கவசத்துக்குள் முகம் இல்லை. தோள் இருக்கிற இடத்தில் தோள் மாதிரி ஒன்று பட்டிக்குள் அழுந்தியிருக்கும். யாரோ காரைத் தொட்டால் அது மெல்லச் சரியும். நான் எழுந்து போய் நிமிர்த்திவிட்டு வந்து எழுதுவேன். ஒருநாள் அதைத் தம்பியிடம் சொன்னேன். அவன் சிரித்தான். "அக்கா, அந்த மூட்டை என்னைவிட நல்லா ஓடும் எண்டு அண்ணை நினைக்கிறார். திருப்பிக் கதைக்காதெல்லோ" என்றான்.

ஐந்தாவது கோடையில் கார் பிழையாக ஓடத் தொடங்கியது.

முதல் இரண்டு பந்தயமும் நன்றாகத்தான் போயின. ஆனி நடுப்பகுதியில் தம்பி வந்து, மூன்றாவது வளைவில் முன்பக்கம் திரும்ப மறுக்கிறது என்றான். சுவரை நோக்கியே போகிறதாம். ஓடி வந்த ரயர்களை அளந்தோம். வலது முன் ரயரின் வெளிவிளிம்பு மற்ற எல்லாவற்றையும்விடக் கொதித்துக்கிடந்தது. கணினியில் காரின் அளவுகளைக் கொடுத்தால் நான்கு சதுரமும் பச்சை. சூட்டைக் கொடுத்தால் வலது முன் சதுரம் சிவப்பு. அவர் அந்த இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவருடைய காது மடல் வெளுத்திருந்தது.

அடுத்த வியாழன் வில்களைக் கழற்றி அளந்தோம். சரி. சக்கரங்களின் கோணத்தை நூல் கட்டி அளந்தோம். சரி. அடுத்த சனி தம்பி சுவரில் உரசிக்கொண்டு வந்தான். வலப்பக்கக் கதவு முழுக்க ஒரு வெள்ளைக் கீறல். நான் அன்று கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கையைத் திறந்து பார்த்தபோது கம்பியின் வடிவம் உள்ளங்கையில் பதிந்திருந்தது.

அடுத்த வாரம் அவர் கராஜின் நிலத்தையே சந்தேகப்பட்டார். ஒரு நீளமான, உள்ளே தெரியும் பிளாஸ்ரிக் ரியூப்பில் தண்ணீரை நிரப்பி, நான்கு தட்டுக்கும் இடையில் மட்டம் பார்த்தார். சரி. தட்டுகளைச் சந்தேகப்பட்டு அரிசி மூட்டைகளை அவற்றில் மாறி மாறி வைத்தார். சரி. அந்தச் சனி தம்பி மறுபடியும் உரசினான், இந்த முறை வேகம் கூட. வலது முன் சக்கரத்தின் மேல்தகடு உள்ளே மடிந்திருந்தது. காரிலிருந்து இறங்கி ஒரு போத்தல் சோடாவை ஒரே மூச்சில் குடித்தான். இன்னொன்றைத் திறந்தான்.

"அண்ணை, உங்கட கொம்பியூட்டர் இந்தக் காரில ஏறி ஓடிப் பாத்ததோ?" என்றான். பக்கத்துக் காரில் வேலை செய்தவர்கள் பாஷை விளங்காமலே திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் வானுக்குள் போயிருந்து பட்டியைப் போட்டுக்கொண்டார். பந்தயம் முடிந்து அரை மணித்தியாலம் ஆகியிருந்தது.

அதற்கு அடுத்த வியாழக்கிழமை மூட்டைகளை ஏற்றிப் பட்டி போட்டதோடு சரி, காரில் வேறொன்றையும் தொடவில்லை. கதிரை ஒன்றை எனக்கு இழுத்துப் போட்டு, புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து வாசிக்கச் சொன்னார். அந்தப் பருவம் தொடங்கிய நாளிலிருந்து எழுதிய எல்லா எண்ணும். நான் வாசித்தேன். ஒவ்வொன்றுக்கும் அவர் கேட்டார், ஒவ்வொன்றுக்கும் நான் கருவியும் நேரமும் சொன்னேன். அவ்வளவும் அளந்தவை. எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமைகூட வந்தது என்பதை மறைக்காமல் எழுத வேண்டும்.

பிறகு முதல் பக்கத்தின் மேல் மூலைக்கு வந்தேன். நாங்கள் எப்போதும் தாண்டிப் போகும் வரி அது. ஓட்டுபவர், உடுப்போடு, நூற்று எழுபத்திரண்டு.

"அளந்ததோ, நினைச்சதோ?"

பக்கத்தில் கருவி இல்லை. நேரம் இல்லை. சித்திரையில் புதுப் புத்தகம் தொடங்கும்போது தம்பிக்குத் தொலைபேசி எடுத்து நிறையைக் கேட்டிருந்தேன். "அதேதான் அக்கா, போடுங்கோ" என்றான். போன வருடப் புத்தகத்தைப் பார்த்து எழுதினேன். என் தம்பி. எனக்குத் தெரியாதா.

"நினைச்சது" என்றேன்.

அவர் இருக்கையில் பட்டி போட்டபடி இருந்த மூட்டைகளைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

சனிக்கிழமை தராசுத் தட்டுகளையும், மூட்டைகளையும் வானில் ஏற்றிக்கொண்டு வந்தார். பந்தயம் ஐந்து மணிக்கு. நாலு இருபதுக்குத் தம்பியை உடுப்போடு காருக்குள் ஏறச் சொன்னார். தம்பி முணுமுணுத்துக்கொண்டு ஏறினான். பட்டியை இழுத்தபோது அதன் வால் வழக்கத்தைவிட நீளமாகத் தொங்கியது. எத்தனை வாரமாக அப்படித் தொங்கியது என்று எனக்குத் தெரியாது. நான் எண்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இருபத்து மூன்று இறாத்தல் குறைந்தது.

தம்பியை இறக்கிவிட்டு மூட்டைகளை ஏற்றினார். நூற்று எழுபத்திரண்டு, அப்படியே இருந்தது. மூட்டைகளை இறக்கித் தம்பியை ஏற்றினார். இருபத்து மூன்று குறைந்தது. தராசு பிழையில்லை.

"வெயிலுக்க ஓடித் திரியிறன், மெலியாமல் என்ன செய்யிறது" என்றான் தம்பி. "இருபத்து மூண்டுக்கு ஏத்த மாதிரி மாத்தி விடுங்கோ அண்ணை. சரியாப் போகும்."

"இருபத்து மூண்டு இறாத்தல் அந்த ரயரை எரிக்காது" என்றார் அவர். மெதுவாக, தனக்கே சொல்வது போல. "கார் சரி. கார் முழுக்க அளந்தாச்சு."

பிறகு காரின் ஜன்னலருகே குனிந்தார். தம்பி குடித்துவிட்டு வெளியே வைத்திருந்த சோடாப் போத்தல்களை எண்ணியதைக் கண்டேன், உதடு அசைந்தது. வரும் வழியில் எத்தனை தரம் மூத்திரத்துக்கு நிற்பாட்டினான் என்று கேட்டார். தம்பி சிரித்துச் சமாளித்து, மூன்று என்றான். ஒன்றரை மணித்தியால வழி அது.

"மூண்டாவது வளைவுக்கு முன்னால சுவரில ஒரு வெள்ளைக் கோடு இருக்கெல்லே. அதைப் பாத்துத்தானே திருப்பிறனீங்கள்?"

"ஓம்."

"இங்கயிருந்து தெரியுதோ?"

தம்பி பார்த்தான். நானும் பார்த்தேன். அந்த வாரம்தான் புதிதாகப் பூசியிருந்தார்கள். பால் வெள்ளை, ஒரு ஆள் உயரம்.

"அது அழிஞ்சு போச்சு" என்றான் தம்பி. "போன மாசத்தில இருந்து மங்கல்தானே. மழைக்கு அழிஞ்சதெண்டு நினைச்சனான்."

ஒரு மாதமாக என் தம்பி, கோடு இருக்கும் என்று நினைத்த இடத்தில் திரும்பியிருக்கிறான். பிந்தித் திருப்பி, பிந்தியதைச் சரிக்கட்ட முழுப் பலத்தோடு வெட்டி, அந்த ஒரு ரயரை எரித்திருக்கிறான். நான் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒவ்வொரு சுற்றிலும், இருபது சுற்று, இருபத்தைந்து சுற்று.

அவர் ஜன்னலுக்குள் கையை விட்டார். அந்தக் கார்களில் ஓட்டுபவர் ஏறி இறங்க வசதியாக ஸ்ரியறிங் கழன்று வரும், பின்னால் இருக்கும் வளையத்தை இழுத்தால் போதும். இழுத்தார். கழற்றிய ஸ்ரியறிங்கைக் கமக்கட்டில் வைத்துக்கொண்டார்.

"அண்ணை, விசர் விளையாட்டு விளையாடாதேங்கோ. தாங்கோ. வரிசைக்குக் கூப்பிடப் போறாங்கள்."

அவர் தரவில்லை.

"இது என்ர கார். அக்கா, சொல்லுங்கோ இவருக்கு."

நான் சொல்லவில்லை.

தம்பி பட்டியைக் கழற்றிக்கொண்டு ஜன்னலால் வெளியே வந்தான். முகம் சிவந்திருந்தது. அவன் அவரைவிட ஒரு அடி உயரம். "சனம் உங்களைப் பயந்தாங்கொள்ளி எண்டு சொல்லுறது சரிதான்" என்றான்.

"ஓம் தம்பி" என்றார் அவர். "அது அளந்தது."

சொல்லிவிட்டு நடந்தார். கார்களுக்கு நடுவால், எண்ணெய்ப் பீப்பாய்களைச் சுற்றி, தன் வானைத் தாண்டியும் போய், சோளக் காணியின் ஓரத்தில் நின்றார். ஸ்ரியறிங்கை நெஞ்சோடு அணைத்திருந்தார். முழங்காலில் காற்சட்டைத் துணி அசைந்தது எனக்கு அவ்வளவு தூரத்திலும் தெரிந்தது. என் கண் சரியாகத்தான் இருந்தது.

அன்று அந்தப் பந்தயத்தில் பத்தொன்பது கார்கள் ஓடின. நாங்கள் ஸ்காபரோவுக்குத் திரும்பினோம். என் காரில், நான் ஓட்டி, 401 வழியே. தம்பி இரண்டு இடத்தில் நிற்பாட்டச் சொன்னான்.

முன்பதிவில்லாமல் பார்க்கும் மருத்துவ நிலையத்தில் விரலில் குத்தி ஒரு துளி இரத்தம் எடுத்தார்கள். அந்தச் சின்னக் கருவி எண் எதையும் காட்டவில்லை. தன் அளவுக்கு மேலே என்று மட்டும் காட்டியது. தாதி இன்னொரு கருவியைக் கொண்டுவந்தாள், அதுவும் அப்படியே. நேரே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, கன நாளாக இருந்திருக்கிறது. இன்னும் ஒரு கிழமை விட்டிருந்தால் நினைவு தப்பியிருக்கலாம், எங்கே தப்பியிருக்கும் என்று சொல்ல முடியாது என்றார் வைத்தியர். எங்கே என்று எனக்குத் தெரியும். மூன்றாவது வளைவில்.

நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான இரத்தக் குழாய்களுக்குப் பெயர் ஒட்டுகிறவள் நான். தாகம், மெலிவு, மங்கல் பார்வை என்று சீட்டில் எழுதி வருவதைப் பதிவது என் அன்றாட வேலை. என் தம்பி என் முன்னால் நின்று போத்தல் போத்தலாகக் குடித்தான். நான் ரயரின் சூட்டை எழுதிக்கொண்டிருந்தேன். அந்த இரவு குறிப்பில் அதை எழுத உட்கார்ந்து, திகதியை மட்டும் போட்டுவிட்டு மூடினேன். அந்தப் பக்கம் இன்னும் வெறுமையாக இருக்கிறது.

அவர் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. ஆஸ்பத்திரி என்றால் பயம். என்னிடம் தொலைபேசியில் தினமும் தம்பியின் சீனி அளவைக் கேட்டார். ஊசி போட முன்னமா, பிறகா, எத்தனை மணிக்கு. சொல்லச் சொல்ல விசைகளில் தட்டும் சத்தம் கேட்டது. எங்கே பதிந்தார் என்று நான் கேட்கவில்லை. இங்கத்தைய அளவில் நாலுக்கும் ஏழுக்கும் இடையில் இருந்தால் நல்லது. ஆறாம் நாள் தம்பியே தொலைபேசியை என்னிடமிருந்து வாங்கினான். பிறகு, "அண்ணை, பத்துத் தசம் நாலு. பின்னேரம் மூண்டரைக்கு. நான்தான் குத்தினனான்" என்றான்.

மூட்டைகளை என்ன செய்வது என்று அவர் கேட்டார். சமைக்கக் கொண்டுபோனேன். ஒன்றைப் பிரித்து, அரிசி அளக்கும் சுண்டில் அள்ளி, திரும்பக் கொட்டினேன். தலைக்கவசம் போட்டிருந்த அரிசி அது. கோயில் அன்னதானத்துக்குக் கொடுத்துவிட்டேன். யாருக்கும் விபரம் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு மூட்டை வைத்து நிறுப்பதில்லை. தம்பி வியாழக்கிழமை வேலையை மாற்றிக்கொண்டு நேரே வருவான். அடுத்த வருடம் கண் சரியாகி, வைத்தியர் கடிதம் கொடுத்து, திடல்காரரும் சம்மதித்தபோது, நான் வேண்டாம் என்றேன். அழுதும் பார்த்தேன். தம்பி கேட்கவில்லை. அவரிடம் போய் நீங்கள் மறியுங்கோ என்றேன். எல்லா எண்ணும் பச்சை, மறிக்கக் காரணம் என் பயம் மட்டும்தான், அது என்னுடையது, அவனுடையதல்ல என்றார். புத்தகத்தில் ஒரு பத்தி கூட்டினோம், ஓட முன் சீனி அளவு.

அவருக்கு அது கடைசிக் கோடை. மார்கழியில் தன் வீட்டில், சாய்கதிரையில் காலமானார். எத்தனை மணிக்கு என்று ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. அதுதான் எனக்கு இன்றும் பொறுக்க முடியாதது.

ஆனால் அந்த ஆனி மாதச் சனிக்கிழமையைத்தான் சொல்ல வந்தேன். தம்பி திரும்ப ஓடிய முதல் பந்தயம். சீனி ஏழு தசம் ஒன்று, நாலு நாற்பதுக்கு. நிறை நூற்று அறுபத்தெட்டு. என்னால் வேலிக்குப் போக முடியவில்லை. வானுக்குள் அவர் பக்கத்தில் ஏறி இருந்தேன். அவர் என் பட்டியைப் பார்த்தார். பூட்டினேன்.

பின்னால் இருபது இயந்திரங்களும் எழும்பின. தம்பியின் காருக்குப் புகைக்குழாயில் ஒரு தகரச் சத்தம் உண்டு, எங்கள் இருவருக்கும் அது தனியாகக் கேட்கும். அது வந்து முதுகுக்குப் பின்னால் போகும்போது அவர் ஒரு விரலை மடிப்பார். இரண்டு கை முடிந்தால் திரும்ப முதல் விரல். இருபத்தைந்து சுற்று. இப்படித்தான் ஆறு கோடையும் எண்ணியிருக்கிறார் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

பதினேழு மடித்தார்.

ரயர் கீறிக்கொண்டு போகும் சத்தம். பிறகு ஒரு மொத்தல். சனம் ஒரே குரலாக ஊ என்றது. இயந்திரங்கள் எல்லாம் தணிந்து முணுமுணுத்தன. அந்த முணுமுணுப்புக்குள் தகரச் சத்தத்தைத் தேடினேன். கிடைக்கவில்லை. அவருடைய விரல் பாதி மடிந்து நின்றது. திரும்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். இரண்டு பேரும் திரும்பவில்லை. சோளம் அப்போது முழங்கால் உயரம்.

"ஒண்டும் நடந்திராது, அண்ணை" என்றேன்.

"அளந்ததோ, நினைச்சதோ?"

குரலே இல்லை, காற்றாக வந்தது.

"நினைச்சது."

அவர் என் மடியில் இருந்த புத்தகத்தைப் பார்த்தார். ஆறு கோடையில் அவர் ஒருநாளும் ஏற்றுக்கொள்ளாத சொல் அது.

"எழுதுங்கோ" என்றார்.

எழுதினேன். "தம்பிக்கு ஒன்றும் இல்லை." கருவி இல்லை, நேரம் ஐந்து பதினொன்று. அந்த ஒரு வரி மட்டும் கோட்டை விட்டு இறங்கியிருக்கிறது. எழுதி முடிய இயந்திரங்கள் மறுபடி எழும்பின. அவர் கண்ணை மூடினார். நானும் மூடினேன். எல்லாம் ஒன்றாக வந்து, எங்கள் முதுகைத் தாண்டிப் போயின. கடைசியில், கொஞ்சம் பிந்தி, ஒரு தகரச் சத்தம்.

அவர் பாதியில் நின்ற விரலை முழுதாக மடித்தார்.